காசி மொழி கற்க வேண்டுமா? முதலில் ஊரைக் கேளுங்கள்

மேகாலயாவுக்கு வேலைக்குக் கிளம்பும் தமிழர்களிடம் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள்: "கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ், அது போதும்." ஷில்லாங் போலீஸ் பஜாரில் துணி வாங்க அது போதும்தான். நான் வேலை பார்த்தது ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் முந்தின நாளே மலைக்கிராமத்திலிருந்து கிளம்பி வந்த கிழவிகள். அவர்களுக்கு இந்தியும் வராது, இங்கிலீஷும் வராது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சைகை காட்டினால் யார்தான் கையை நீட்டுவார்கள்?

அதனால் காசி (Khasi) கற்றுக்கொண்டேன். வாரணாசி காசி இல்லை, இந்த மலைமக்களின் மொழி. நான் படித்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். புதிதாக வரும் ஒருவர் எந்த வரிசையில் படித்தால் சுலபம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறதோ அந்த வரிசை இது.

சாலைப் பலகைதான் முதல் பாடம்

குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங்குக்கு மலையேறும்போதே பாடம் தொடங்கிவிடும். தூங்காமல் பலகைகளைப் படியுங்கள். நொங்போ, உம்ஸ்னிங், உமியம், மாவ்லாய். ஷில்லாங்கைத் தாண்டினால் மாவ்ஃப்லாங், மாவ்ஸின்ராம், நொங்ஸ்டோய்ன். "உம்" என்றால் தண்ணீர். "மாவ்" என்றால் கல். "நொங்" ஊரைக் குறிக்கும்; ஊருக்கு முழுச்சொல் "ஷ்னொங்". "லும்" குன்று, "வாஹ்" ஆறு, "க்ரெம்" குகை. ஒரே பயணத்தில் அரை டஜன் சொற்கள் கைக்கு வந்துவிடும், அதுவும் மறக்கவே மறக்காத சொற்கள். இதில் "உம்" என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். வட்டார வேறுபாட்டுக்கு வரும்போது அது தேவைப்படும்.

போலீஸ் பஜாருக்குக் காசியில் கிந்தாய்லாத் என்று பெயர். கிந்தாய் என்றால் ஒன்பது. ஒன்பது வழி பிரியும் இடம். ஷில்லாங்கின் பெரிய சந்தைக்குப் பெயர் யெவ்துஹ். "யெவ்" என்றால் சந்தை. காசி மக்களின் பழைய வாரத்துக்கு எட்டு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு சந்தையின் பெயரால் வழங்குகிறது, அதில் ஒரு நாள் யெவ்துஹ். கிராமச் சந்தைகள் இன்றும் எட்டு நாளுக்கு ஒரு முறைதான் கூடுகின்றன. "அடுத்த சந்தை என்றைக்கு?" என்று கேட்டு ஞாயிறு திங்கள் கணக்கில் பதில் எதிர்பார்த்தால் குழம்பிப்போவீர்கள்.

எழுத்து வேல்ஸ்காரர் போட்டது

காசி மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. 1841 ஜூன் 22 அன்று சோராவுக்கு, அதாவது வெளியுலகம் சிரபுஞ்சி என்று சொல்லும் ஊருக்கு, தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் வந்து சேர்ந்தார். செராம்பூர் பாதிரிமார்கள் அதற்கு முன்பே வங்காள எழுத்தில் எழுதிப் பார்த்திருந்தார்கள், அது நிலைக்கவில்லை. ஜோன்ஸ் தன் தாய்மொழியான வேல்ஷ் எழுத்துமுறையைக் கொண்டு காசியை எழுதினார். சோராவின் பேச்சு பொதுமொழி ஆனதும் இதனால்தான். மிஷன் அங்கே இருந்தது, பள்ளிக்கூடமும் புத்தகமும் அங்கிருந்து கிளம்பின. மற்ற மலைச்சரிவுகளின் பேச்சு அச்சேறாமல் நின்றுவிட்டது.

இந்த வேல்ஷ் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வதில் நேரடியான லாபம் உண்டு. காசி அகரவரிசையில் 23 எழுத்துகள். இங்கிலீஷின் சி, எஃப், கியூ, வி, எக்ஸ், இசட் கிடையாது. பி-க்கு அடுத்து வருவது கே. ஜி-க்கு அடுத்து "ங்" ஒலிக்கான என்-ஜி, தனி எழுத்தாகவே வருகிறது. அகராதியைத் திறந்து ஒரு சொல்லைக் காணோம் என்று மூடிவிடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். "ங்" ஒலியில் தொடங்கும் சொற்களை இங்கிலீஷ் என் (N) எழுத்தின் கீழ் தேடி அலுத்துப்போனவர்கள் பலர்.

ஒய் எழுத்தை "ய" என்று படிக்காதீர்கள். அது அரைகுறையாக வாயைத் திறந்து சொல்லும் ஒரு குட்டி உயிர். நம் குற்றியலுகரத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் நிற்கும் ஒலி. "காசு" என்று சொல்லும்போது கடைசியில் வருகிறதே, அது. சொல்லின் நடுவில் அதை வைக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். ஐ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் அதுதான் "ய". வீடு என்பதற்கான "யிங்", சந்தைக்கான "யெவ்" இரண்டும் அந்த இரட்டைப் புள்ளியில்தான் தொடங்கும்.

சொல்லின் கடைசியில் ஹெச் வந்தால் மூச்சு விடக்கூடாது, தொண்டையில் சட்டென்று நிறுத்த வேண்டும். "லா" என்றால் இறந்தகாலக் குறி. "லாஹ்" என்றால் முடியும், முடிந்தது. இரண்டும் ஓயாமல் வரும் சொற்கள். இந்த நிறுத்தம் வராவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பேச்சு வழுக்கிக்கொண்டே போகும்.

நமக்குக் கைவருவதும் கைவராததும்

தமிழனுக்கு இந்த மொழியில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. ங, ஙா, ஙி, ஙீ என்று அரிச்சுவடியில் ராகம் போட்டுப் படித்தோமே, ஒன்றுக்கும் உதவாமல் கிடந்த அந்த எழுத்து இங்கே வாயைத் திறந்தாலே வேண்டும். "ஙா" என்றால் நான். "ஙி" என்றால் நாம், நாங்கள். வடக்கிலிருந்து வரும் என் சக ஊழியர்கள் "ந்கா" என்று திணறிக்கொண்டிருப்பார்கள். ஏழு என்ற எண்ணில் வரும் ஞ-வும் நமக்குப் பழையதே.

கைவராதது மூச்சொலி. புத்தகம், காகிதம் என்பதற்குக் "கோத்". அதே கே-யுடன் ஹெச் சேர்த்து மூச்சு விட்டுச் சொன்னால் கூப்பிடு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் சொல்கிறேன்: நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே ரோமன் எழுத்தில் எழுதுங்கள். தோசையின் "தோ"வைச் சொல்லித் தொண்டையில் நிறுத்தினால் இறைச்சி. தலையின் "த"வை மூச்சோடு தொடங்கி "தோஹ்" என்றால் எழுது. இந்தக் கட்டுரையில் நான் தமிழ் எழுத்தில் தருவதெல்லாம் படிக்க வசதியாக, ஒரு தோராயம்தான். உச்சரிப்பை ஆளிடம் கேட்டே பழகுங்கள்.

இன்னொரு கஷ்டம் சொல்முதல் மெய்க்கூட்டம். நாய்க்கு "க்ஸெவ்", வாய்ப்பேச்சுக்கு "க்தியென்", சூரியனுக்கு "ஸ்ஙி", ரத்தத்துக்கு "ஸ்னாம்". "ஸ்கூலை" "இஸ்கூல்" ஆக்கும் நாக்கு நம்முடையது. முன்னால் ஓர் உயிரைச் செருகாமல் சொல்லப் பழக ஒரு வழி: முதல் மெய்யைச் சத்தமில்லாமல், கிட்டத்தட்ட விழுங்கிச் சொல்லிவிட்டு இரண்டாவதில் குரலை எடுங்கள்.

உ, கா, கி: இந்த மூன்றும் இல்லாமல் வாக்கியம் இல்லை

காசியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண் பெண் உண்டு. ஆணுக்கு முன்னால் "உ", பெண்ணுக்கு "கா", பலவற்றுக்கு "கி". சின்னதற்கும் செல்லமானதற்கும் நெருங்கியவர்களுக்கும் "இ". அம்மாவை "இ மெய்" என்பது அப்படித்தான். மனிதர்களில் குழப்பமில்லை. மரம், கல், வீட்டிலும் இந்தப் பிரிவு வருவதுதான் நமக்குப் புதிது. "கா யிங்" வீடு, "கா உம்" தண்ணீர், "உ லும்" குன்று. சூரியன் பெண், "கா ஸ்ஙி". சந்திரன் ஆண், "உ ப்னாய்". அங்கே சொல்லும் கதையில் இருவரும் அக்கா தம்பி. தம்பி தப்பான ஆசையோடு பார்க்க, அக்கா சாம்பலை வாரி முகத்தில் வீசினாள், நிலவின் கறை அதுதான். இந்தக் கதையைக் கேட்ட பிறகு இந்த இரண்டு சொல்லுக்கும் பால் மாறாது. மற்றவற்றை அந்த உ, கா-வோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், வேறு வழியில்லை.

இதே உ, கா, கி வினைக்கு முன்னாலும் திரும்ப வரும். "கா க்மியே கா ஷெத் ஜா" என்றால் அம்மா சோறு சமைக்கிறாள். இரண்டாவது "கா" எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். நமக்கு அது சுலபம். "சமைக்கிறாள்" என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கும் "ஆள்" செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. நாம் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள்.

அப்புறம் வினை. இது இந்த மொழி நமக்குச் செய்யும் உபகாரம்: வினைச்சொல் மாறுவதே இல்லை. "பாம்" என்றால் சாப்பிடு. "ஙா பாம் ஜா", நான் சோறு சாப்பிடுகிறேன். "ஙா லா பாம் ஜா", சாப்பிட்டேன். எதிர்காலத்துக்கு எழுவாயின் வாலில் ஒரு "ன்": ஙான், பின், உன், கான், கின். எதிர்மறைக்கு அதே வாலில் ஒரு "ம்": ஙாம், பிம், உம், காம், கிம். "ஙான் லெய்த்", போவேன். "ஙாம் திப்", தெரியாது. சொற்கள் வரும் வரிசை நம்முடையதற்கு நேர் எதிர். செயப்படுபொருள் வினைக்குப் பின்னால். ஒரு மாலை உட்கார்ந்தால் இதை முடித்துவிடலாம்.

முன்னொட்டுகளை அடுத்த மாலைக்கு வையுங்கள். "நொங்" சேர்த்தால் செய்பவர்: "ஹிகாய்" கற்பி, "நொங்ஹிகாய்" ஆசிரியர், "ஸுமார்" பராமரி, "நொங்ஸுமார்" நர்ஸ். "ஜிங்" சேர்த்தால் பெயர்: "ஜிங்பாம்" உணவு, "ஜிங்பாங்" நோய். "பின்" சேர்த்தால் செய்ய வைப்பது: "யாப்" சாவு, "பின்யாப்" கொல். இந்த மூன்றும் தெரிந்தால் செய்தித்தாளில் பாதிச் சொல் பிரிந்து தெரியும்.

வாய்க்கு வர வேண்டிய வாக்கியங்கள்

முதலில் ஆளைக் கூப்பிடத் தெரிய வேண்டும். கடைக்காரம்மா, பக்கத்து வீட்டுப் பெண், வங்கி அதிகாரி, வயதில் சின்னவளாகத் தெரிந்தாலும் "கோங்". ஆணுக்கு "பாஹ்". பெயரோடு சேர்த்தும் சொல்லலாம். உங்களைவிடச் சின்னப் பையன், சின்னப் பெண்ணுக்கு "ஹெப்". வயதான அம்மாவை "மெய்" என்று கூப்பிட்டால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா அந்தத் தெருவுக்கே மெய்தான். முன்னிலையில் "பி" என்பது மரியாதை, நம் நீங்கள். நீ என்பதில் ஆணுக்கு "மே", பெண்ணுக்கு "பா" என்று இரண்டு இருக்கின்றன, அவற்றை நண்பர்கள் பேசக் கேளுங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம். புதியவர் எல்லாரிடமும் "பி" சொன்னால் போதும்.

"குப்லெய்" வணக்கத்துக்கும் ஆகும், நன்றிக்கும் ஆகும், போய்வருகிறேன் என்பதற்கும் ஆகும். நிறைய நன்றி என்றால் "குப்லெய் ஷிபுன்". நலமா என்பதற்குக் "கும்னோ". "ஸ்ஙெவ்" என்றால் உணர். அதிலிருந்து "ஸ்ஙெவ்பா" தயவுசெய்து, "ஸ்ஙெவ்ஸிஹ்" வருத்தம், "ஸ்ஙெவ்துஹ்" புரிந்துகொள். "ஙாம் ஸ்ஙெவ்துஹ்" என்றால் எனக்குப் புரியவில்லை. "ஸ்ஙெவ்பா க்ரென் ஸுகி" என்றால் தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள். இந்த இரண்டும்தான் உங்களுக்கு மற்ற எல்லாவற்றையும் சொல்லித்தரப் போகும் வாக்கியங்கள்.

எங்கள் கூடத்தில் நான் சொல்லிக்கொண்டே இருந்தவை இவை: "பி லாஹ் பாம் ஜா?" சாப்பிட்டீர்களா? வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பதற்கு முதல் கேள்வி இதுதானே. "ஆய் கா க்தி", கையைக் கொடுங்கள். "ஙான் ஷிம் ஸ்னாம்", ரத்தம் எடுக்கப்போகிறேன். "வாத் ஷெப்தியெங்", பயப்படாதீர்கள். உங்கள் வேலை வேறாக இருக்கும். உங்கள் வேலைக்கு நாள்தோறும் தேவைப்படும் நாலு வாக்கியத்தை யாரிடமாவது கேட்டு எழுதி அதையே நூறு பேரிடம் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தின் ரயில் நிலைய உரையாடல் எல்லாம் இங்கே வீண். ஷில்லாங்குக்கு ரயிலே இல்லை.

எண்களைச் சந்தையில் படியுங்கள். வெய், ஆர், லாய், ஸாவ், ஸான், ஹின்ரியூ, ஹின்ஞியூ, ப்ரா, கிந்தாய், ஷிபெவ். இருபது "ஆர்பெவ்", ஐம்பது "ஸான்பெவ்", நூறு "ஷிஸ்பாஹ்". "காத்னோ?" எவ்வளவு? பதிலின் கடைசியில் வரும் "திங்கா" ரூபாய். பொருளை எண்ணும்போது எண்ணுக்குப் பின் "தில்லி", ஆளை எண்ணும்போது "ஙுத்" சேர வேண்டும்: லாய் ஙுத், மூன்று பேர். சோற்றுக் கடையின் பலகையில் "ஜா பாத் ஷா" என்றிருக்கும், சோறும் டீயும். பால் இல்லாத டீ "ஷா ஸாவ்". உள்ளே நுழைந்து ஒரு ஜாதோஹ், அந்த இறைச்சிச் சோறு, கேட்டு உட்கார்ந்தால் அரைமணி நேரம் காதுக்குப் பாடம்.

வீட்டுக்குப் போனால் முதலில் வருவது "குவாய்", அதாவது வெற்றிலை பாக்கு. தாம்பூலம் நமக்குப் பழக்கம்தானே என்று வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஈரமான பாக்கு, உடம்பு குப்பென்று சூடாகி வேர்க்கும். முதல் தடவை கால் துண்டு போதும். ஆனால் வேண்டாம் என்று நீட்டிய கையைத் திருப்பாதீர்கள், வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் வழியின் தூரத்தையே எத்தனை குவாய் மென்று தீர்க்கும் தூரம் என்றுதான் கணக்குச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: ஒருவரைப் பற்றி "கடவுளின் வாசலில் குவாய் சாப்பிடுகிறார்" என்றால் அவர் இறந்துவிட்டார். அதைக் கேட்டுவிட்டு எங்கே, எப்போது வருவார் என்று விசாரிக்கக் கூடாது.

இனிதான் விஷயம்: எந்தச் சரிவு?

இவ்வளவும் படித்து முடித்து, ஷில்லாங்கில் எல்லாரும் பாராட்டும் அளவுக்குப் பேசியும், என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் சிலர் பேசுவது ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவர்கள் பேசுவதும் காசி என்றுதான் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காசி என்ற தலைப்பின் கீழ் 14,31,344 பேர். அந்தத் தலைப்பைப் பிரித்தால் உள்ளே ப்னார் பேசுவோர் 3,19,324, வார் பேசுவோர் 51,558, லிங்ஙாம் பேசுவோர் 11,586. மொழியியலாளர்கள் இவற்றைத் தனித்தனி மொழிகளாகவே எண்ணுகிறார்கள். நாஞ்சில் நாட்டுத் தமிழுக்கும் கோயம்புத்தூர்த் தமிழுக்கும் உள்ள தூரம் என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள், அதைவிடத் தூரம் அதிகம்.

ஒரு காகிதத்தில் மலையை வரையுங்கள். நடுவில் ஷில்லாங்கும் சோராவும். கிழக்கே ஜோவாய் ஊரைச் சுற்றி ஜெயிந்தியா மலை, அங்கே ப்னார். தெற்கே வங்கதேசத்தைப் பார்த்து இறங்கும் செங்குத்தான சரிவு, வெற்றிலையும் பாக்கும் ஆரஞ்சும் விளையும் இடம், வேர்ப்பாலங்கள் இருக்கும் இடம், அங்கே வார். வடக்கே அசாமை நோக்கி இறங்கினால் "போய்" (Bhoi) என்ற பேச்சு. மேற்கே நொங்ஸ்டோய்ன் பக்கம் மாராம், இன்னும் மேற்கே காரோ மலையைத் தொடும் இடத்தில் லிங்ஙாம். இந்தப் படம் மனதில் இருந்தால் ஆள் வந்து உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும்: "பி வான் நாங்னோ?" எங்கிருந்து வருகிறீர்கள்? நோயைக் கேட்கும் முன் நான் இதைத்தான் கேட்பேன். ஊர் தெரிந்தால் காதை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

ப்னாரைப் பிடிக்க முதலில் ஒலிமாற்றத்தைப் பிடியுங்கள். சோராவின் "ஷி" அங்கே "சி" ஆகும், இதைச் சட்டியின் "ச"வாகச் சொல்லுங்கள். கடவுள் சோராவில் "ப்லெய்", ஜோவாயில் "ப்லாய்". ஆகவே "குப்லெய் ஷிபுன்" அங்கே "குப்லாய் சிபுன்". வீடு "யிங்" இல்லை, "யுங்". மரம் சோராவில் "தியெங்", ப்னாரில் "தெய்ன்". ஜோவாயில் ஜூலை வாக்கில் நடக்கும் பெரிய திருவிழா பெஹ்தெய்ன்க்லாமின் நடுவில் இருப்பது அந்த மரம்தான், கொள்ளைநோயை மரக்கழியால் விரட்டும் விழா. இதுவரை சுலபம். அப்புறம் வாக்கிய அமைப்பு மாறும். சோராவில் ஆள் முன்னால், வினை பின்னால் என்று படித்தோம். ப்னாரில் வினை முன்னால் வந்துவிடும், யார் செய்தது என்பது அதன் வாலில். வாக்கியத்தின் தொடக்கத்தில் உ, கா-வைத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட மாட்டிவிடும் சொல் "எம்". சோராவில் இருக்கிறது என்பதற்கு "தோன்", இல்லை என்பதற்கு "எம்". ப்னாரிலோ "எம்" என்றால் இருக்கிறது. டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு ஜோவாய்ப் பெரியவர் "எம்" என்றால் பேசாமல் இருங்கள், பைக்குள் கையை விட்டு எடுத்துத் தருவார். புதிதாக வரும் பயிற்சிப் பிள்ளைகளுக்கு நான் வேறு எதைச் சொல்லித்தர மறந்தாலும் இதை மறந்ததில்லை.

வார் இன்னும் தூரம். அதற்கு ஓர் அடையாளம் மட்டும் சொல்கிறேன், சாலைப் பலகையில் பார்த்த "உம்" ஞாபகம் இருக்கிறதா? ஜெயிந்தியா மலையின் தெற்குச் சரிவில் இறங்கினால் ஊர்ப்பெயர்கள் அம்லாரெம், அம்வி என்று மாறும். வார் பேச்சில் தண்ணீர் "ஆம்". தவ்கி பக்கத்திலிருந்து வருபவர் தண்ணீர் கேட்டால் எதைக் கேட்கிறார் என்று இனித் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் சில்ஹெட்டின் வெற்றிலைத் தோட்டங்களிலும் வார் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. வாரை முறையாகப் படிக்க வேண்டும் என்றால் அந்தச் சரிவில் போய் இருந்தால்தான் உண்டு. ஷில்லாங்கில் உட்கார்ந்து படிக்க முடியாது. லிங்ஙாமும் அப்படித்தான். அங்கிருந்து வயதானவர் வந்தால், உடன் வந்த பேரப்பிள்ளையிடம் சோராக் காசியில் பேசிவிடுவேன். பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அது தெரியும்.

இது "வட்டார வழக்கா, தனி மொழியா" என்ற பட்டிமன்றத்தில் வெளியாட்களான நாம் தலை கொடுக்க வேண்டாம். ஏழு குடிசைகளின் பிள்ளைகள், ஹின்ஞியூத்ரெப், என்று தங்களை ஒரே மக்களாகச் சொல்லிக்கொள்பவர்கள் அவர்கள். அதே நேரம் ஜோவாய்க்காரரிடம் "உங்கள் பேச்சு காசியின் கொச்சையா?" என்று கேட்டால் டீ ஆறிப்போகும் வரை பதில் வரும். "உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். எந்த ஊர்க்காரரும் அதற்கு முகம் மலர்ந்துதான் பதில் சொல்கிறார். நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் எழுதி, கீழே ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். தண்ணீர், வீடு, மரம், கடவுள், இருக்கிறது, இல்லை, எண் பத்து. இந்த ஏழில் தொடங்கினால் யார் எந்தப் பக்கம் என்று பிடித்துவிடலாம்.

காசியைச் சுற்றியிருக்கும் காரோ, கார்பி, அசாமி, வங்காளி எதுவும் அதற்குச் சொந்தமில்லை. சொந்தங்கள் தூரத்தில் இருக்கின்றன: ஜார்க்கண்டின் சந்தாலி, நிக்கோபார் தீவுமொழிகள், பர்மாவின் மோன், கம்போடியாவின் கெமர், வியட்நாமி. கை காசியில் "க்தி", சந்தாலியில் "தி", வியட்நாமியில் "தாய்". காசியில் பறவை "ஸிம்", வியட்நாமியில் பறவை "சிம்", சந்தாலியில் "சிம்" என்றால் கோழி. சந்தாலி நர்ஸ் ஒருத்தி எங்கள் வார்டில் இருந்தாள். மதிய உணவு நேரத்தில் இப்படிச் சொல் கோத்து விளையாடுவோம், காசி நர்ஸ்களும் சேர்ந்துகொள்வார்கள்.

எங்கே கேட்பது, எதைப் படிப்பது

இங்கிலீஷ் மாநில ஆட்சிமொழி. 2005 சட்டம் காசியையும் காரோவையும் இணை ஆட்சிமொழிகள் ஆக்கியது. அதனால் அறிவிப்புப் பலகைகள், பள்ளிப் பாடநூல்கள் காசியில் கிடைக்கும். ஒன்றாம் வகுப்புப் பாடநூலை வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். ஷில்லாங் வானொலியில் காசிச் செய்தி கேட்கலாம். தினசரிகளில் மாவ்ஃபோர் எங்கும் கிடைக்கும். முதலில் விளம்பரங்களையும் இரங்கல் அறிவிப்புகளையும் படியுங்கள், வாக்கியங்கள் சின்னவை, திரும்பத் திரும்ப வருபவை. பைபிள் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி: தெரிந்த அதிகாரத்தைக் காசியில் படிப்பது. தமிழ் பக்கத்தில் இருந்தால் அகராதியே வேண்டாம். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடினால் அந்தக் குட்டி உயிரும் தொண்டை நிறுத்தமும் சீக்கிரம் பழகும். கூகுள் மொழிபெயர்ப்பில் 2024-இல் காசியைச் சேர்த்தார்கள். பலகை படிக்க உதவும், ஆனால் அது சோராக் காசி. ஜோவாய்க்குப் போய் அதைக் காட்டாதீர்கள்.

வெளியாளை "த்கார்" என்பார்கள். உங்கள் காதிலும் விழும். சமவெளிக்காரர் என்பதற்கான சொல், சொல்பவர் குரலைப் பொறுத்து அது வெறும் விவரமாகவும் இருக்கும், கசப்பாகவும் இருக்கும். இரண்டுக்கும் நான் "ஹோய்த்", ஆமாம், என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். காசியில் பதில் வந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

கடைசியாக போன் விஷயம். இரட்டைப் புள்ளி ஐ-யும் தலையில் அலை போட்ட என்-னும் இங்கிலீஷ் விசைப்பலகையில் அழுத்திப் பிடித்தால் வரும். வராத போனில் ஸ்பானிஷ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தானாகத் திருத்தும் வசதியை மட்டும் முதலிலேயே அணைத்துவிடுங்கள், காசிச் சொல் ஒன்றையும் அது விட்டுவைக்காது.